எர்னி பைல்: சிப்பாய்களின் பாரத்தைத் தானும் சுமந்த செய்தியாளர்

போர்முனைக்குப் போன செய்தியாளர் உடம்பில் காயமின்றி வீடு திரும்பிவிட்டால், தப்பிப் பிழைத்தார் என்றுதான் ஊர் சொல்லும். அவர் பார்த்த சாவுகள், கேட்ட அலறல்கள், தூக்கம் தொலைத்த இரவுகள் இவையெல்லாம் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. செய்தி அச்சாகிவிடுகிறது, வாசகர் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். எழுதியவர் மனத்தில் மட்டும் அந்தப் பக்கம் திறந்தபடியே கிடக்கிறது.

இதை மறைக்காமல் தம் வாசகர்களிடமே சொன்னவர் எர்னி பைல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மக்கள் மிகவும் நேசித்த போர்ச் செய்தியாளர் அவர். படைத்தளபதிகளின் திட்டங்களை அவர் எழுதவில்லை. சேற்றில் படுத்து உறங்கிய சாதாரணச் சிப்பாயை எழுதினார். அந்த எழுத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. முதலில் தூக்கம் போனது, பிறகு மன நிம்மதி, கடைசியில் உயிரும் போனது.

குத்தகை நிலத்தில் பிறந்த பிள்ளை

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டானா என்ற சிற்றூருக்கு அருகே எர்னி பைல் பிறந்தார். தந்தை அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வயல் வேலை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. குதிரைக்குப் பின்னால் ஏர் பிடித்து நடப்பதே வாழ்க்கையாகிவிடுமோ என்ற பயம் சிறு வயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது.

முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். பயிற்சி முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1919இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இதழியல் படித்தார். பட்டம் பெற ஒரு பருவம்தான் மீதி இருந்தது. அதற்குள் 1923இல் லபோர்ட் என்ற ஊரின் சிறிய நாளிதழில் வேலை கிடைக்கவே படிப்பை விட்டுவிட்டுப் புறப்பட்டார். அடுத்த சில மாதங்களில் தலைநகருக்குச் சென்று வாஷிங்டன் டெய்லி நியூஸ் நாளிதழில் சேர்ந்தார்.

அங்குதான் ஜெரால்டின் என்ற ஜெர்ரியைச் சந்தித்தார். 1925இல் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டே இருவரும் வேலையை உதறிவிட்டு ஒரு ஃபோர்டு காரில் நாட்டைச் சுற்றி வந்தனர். திரும்பி வந்த பிறகு பைல் விமானத் துறை பற்றிய பத்தி எழுதினார். அந்தக் காலத்தில் விமானம் என்பது புதுமை. விமானிகளோடு இரவு பகலாகப் பழகி அவர்களின் கதைகளை எழுதியது நல்ல பெயரைத் தந்தது. 1932இல் அதே நாளிதழின் நிர்வாக ஆசிரியர் ஆனார். பதவி உயர்ந்ததே தவிர மனம் அதில் ஒட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் எழுத்தைத் திருத்துவது அவருக்குச் சிறையாகத் தோன்றியது.

சாலையில் கற்ற பாடம்

கடுமையான சளிக் காய்ச்சலுக்குப் பிறகு ஓய்வுக்காக மேற்குப் பகுதிக்குப் பயணம் போனார். திரும்பியதும், விடுப்பில் இருந்த வேறொரு பத்தி எழுத்தாளரின் இடத்தை நிரப்ப அந்தப் பயண அனுபவங்களை எழுதிக் கொடுத்தார். வாசகர்களுக்குப் பிடித்துப்போனது. 1935 முதல் ஊர் ஊராகப் போய் எழுதுவதே அவருடைய வேலை ஆனது. வாரத்திற்கு ஆறு பத்திகள். மனைவி ஜெர்ரி காரில் பக்கத்து இருக்கையில். அன்று அமெரிக்காவில் இருந்த 48 மாநிலங்களையும் அவர்கள் சுற்றினார்கள்.

பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. 1936இல் வறட்சியால் காய்ந்து கிடந்த நிலங்களைப் பார்த்து எழுதினார். ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளிகள் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்புக்கே சென்று, அவர்களோடு பேசிப் பழகி எழுதினார். துன்பத்தில் இருப்பவரிடம் எப்படிப் போய் உட்காருவது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற பாடத்தை இந்த ஆண்டுகளில்தான் அவர் கற்றார். பின்னாளில் போர்முனையில் கைகொடுத்தது இந்தப் பாடமே.

அவருடைய முறை எளிமையானது. பெரிய மனிதர்களைத் தேடிப் போகமாட்டார். குறிப்பேட்டை நீட்டிக்கொண்டு கேள்வி கேட்கமாட்டார். ஒல்லியான உடம்பு, வழுக்கை விழுந்த தலை, கூச்ச சுபாவம். எதிரே இருப்பவருக்கு இவர் ஒரு பத்திரிகையாளர் என்பதே சற்று நேரத்தில் மறந்துபோகும்.

எரிந்த லண்டன்

1940ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் லண்டன் சென்றார். ஜெர்மானிய விமானங்கள் இரவு தோறும் அந்த நகரத்தின் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. டிசம்பர் 29ஆம் தேதி இரவு நடந்த தீக்குண்டுத் தாக்குதலில் நகரின் மையப் பகுதி பற்றி எரிந்தது. அதை அவர் ஒரு மாடியில் நின்று பார்த்தார். புகைக்கு நடுவே செயின்ட் பால் பேராலயத்தின் கோபுரம் மட்டும் நின்றுகொண்டிருந்ததை எழுதினார். அந்த நெருப்பு கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையும், அப்படித் தெரிந்ததே மனத்தை உறுத்தியதையும் அவர் ஒளிக்கவில்லை.

சுரங்க ரயில் நிலையங்களில் வரிசையாகப் படுத்திருந்த முதியவர்களையும் குழந்தைகளையும் பார்த்தபோது, இடிந்த கட்டடங்களைப் பார்த்தபோதுகூட வராத துயரம் வந்தது. அந்தப் பத்திகள் கடல் கடந்து அமெரிக்க வீடுகளில் படிக்கப்பட்டன. தூரத்துச் சண்டை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பக்கத்து வீட்டுத் துயரமாகத் தெரிந்தது.

இதே காலத்தில் அவருடைய சொந்த வீடும் எரிந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம். ஜெர்ரி கடுமையான மனச்சோர்வுக்கும் மதுப் பழக்கத்திற்கும் ஆளாகியிருந்தார். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் 1940இல் அவர்கள் ஒரு சிறிய வீடு கட்டியிருந்தார்கள். ஓடிக்கொண்டே இருந்த இருவருக்கும் அதுதான் முதல் சொந்த வீடு. ஆனால் அந்த வீட்டில் சேர்ந்து வாழ்ந்த நாள்கள் குறைவு. அதிர்ச்சி கொடுத்தாலாவது ஜெர்ரி மீண்டு வருவார் என்ற நம்பிக்கையில் 1942 ஏப்ரலில் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். பைல் ஆப்பிரிக்காவில் இருந்த 1943 மார்ச்சில், அவர் சார்பில் மற்றொருவர் நிற்க, இருவருக்கும் மறுமணப் பதிவு நடந்தது. பிரிந்தும் பிரிய முடியாத வாழ்க்கை.

பெயரும் ஊரும்

1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. சில நாள்களில் பைலும் அங்குப் போய்ச் சேர்ந்தார். மற்ற நிருபர்கள் தலைமையகத்தில் காத்திருந்து அன்றைய அறிவிப்பைச் சுடச்சுட அனுப்பினார்கள். பைல் காலாட்படையினரோடு கூடாரத்திலும் குழியிலும் தங்கினார். பல நாள் அவர்களோடு இருந்துவிட்டு, பின்தளத்துக்கு வந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரே மூச்சில் பல பத்திகளை எழுதுவார்.

அவருடைய குறிப்பேட்டில் பெரும்பாலும் இருந்தவை பெயர்களும் முகவரிகளும்தான். ஒரு சிப்பாயைப் பற்றி எழுதினால் அவன் எந்த மாநிலம், எந்த ஊர், சில வேளை எந்தத் தெரு என்பதுவரை எழுதுவார். செய்தி வெளிவந்த நாளில் அந்த ஊரில் ஒரு தாய் தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். அதிகாரபூர்வமான அறிக்கையில் எண்களாக இருந்தவர்கள் அவருடைய பத்தியில் மனிதர்கள் ஆனார்கள்.

இந்த ஒன்றின் அருமை நம் மக்களுக்கு நன்றாகப் புரியும். அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பாட்டாளிகள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காட்டில் மடிந்தவர்களின் பெயரையும் தோட்டத்தையும் அன்றன்று எழுதி வீட்டுக்குத் தெரிவிக்க எந்த நாளிதழும் அங்கே இல்லை. போனவர் திரும்பவில்லை என்பதைத் தவிர வேறு சேதி பல குடும்பங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

போர்க்காலச் செய்திகள் அனைத்தும் இராணுவத் தணிக்கையைத் தாண்டியே வெளியே வர முடியும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் பைல் சொல்ல வேண்டியதைச் சொன்னார். வட ஆப்பிரிக்காவில் எதிரிக்குத் துணைபோன அதிகாரிகளை அமெரிக்கத் தலைமை அப்படியே பதவியில் விட்டுவைத்திருப்பதை அவர் எழுதினார். தணிக்கையாளர்களின் கண்ணில் எப்படியோ தப்பி அந்தப் பத்தி வெளியானது. 1943 பிப்ரவரியில் துனிசியாவில் அமெரிக்கப் படை தோற்றுப் பின்வாங்கியபோதும் அவர் அங்கு இருந்தார். தோல்வியை வெற்றியாகப் பூசி மெழுகவில்லை.

உடைந்து போகத் தொடங்கிய மனம்

1943 ஜூலையில் சிசிலித் தீவுப் படையெடுப்பு நடந்தது. அங்கே காய்ச்சலில் விழுந்த பைல், படை மருத்துவமனைக் கூடாரத்தில் சில நாள்கள் படுத்திருந்தார். சுற்றிலும் காயம்பட்டவர்கள். இரவில் முனகல் சத்தம். உடம்பு தேறியது, மனம் தேறவில்லை. எந்த நாள் எது என்றே தெரியாத களைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. எல்லாப் போர்களும் எல்லாச் சாவுகளும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கின. செய்தியாளருக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை என்று அவருக்கே தெரிந்தது. செப்டம்பரில் ஓய்வுக்காக நாடு திரும்பினார்.

வீட்டிலும் ஓய்வு இல்லை. அதற்குள் அவர் நாடறிந்த மனிதர் ஆகியிருந்தார். கடிதங்கள், தொலைபேசி அழைப்புகள், தேடி வந்தவர்கள். ஆப்பிரிக்கப் பத்திகள் நூலாகி விற்றுத் தீர்ந்தன. புகழ் ஒருபுறம் வளர, சண்டையில் இருக்கும் பையன்களை விட்டுவிட்டு இங்கே வசதியாக உட்கார்ந்திருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி மறுபுறம் அரித்தது. ஆண்டு முடிவதற்குள் மீண்டும் இத்தாலிப் போர்முனைக்குப் போனார்.

அங்கேதான் அவருடைய மிகப் புகழ்பெற்ற பத்தி பிறந்தது. 1943 டிசம்பரில் சான் பியெட்ரோ அருகே நடந்த சண்டையில் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேப்டன் ஹென்றி வாஸ்கோ என்ற இளம் அதிகாரி இறந்தார். மலை மீதிருந்து இறந்தவர்களின் உடல்களைக் கோவேறு கழுதைகள் நிலவொளியில் சுமந்து வந்தன. வாஸ்கோவின் உடல் ஒரு மதில் ஓரமாகக் கிடத்தப்பட்டது. அவருடைய ஆள்கள் ஒவ்வொருவராக அருகே வந்து நின்றார்கள். ஒருவன் உட்கார்ந்து இறந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் முகத்தையே பார்த்திருந்தான். பிறகு சட்டைக் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனான். பைல் பார்த்ததை மட்டும் எழுதினார். வீரம், தியாகம் என்று ஒரு பெரிய சொல்லும் சேர்க்கவில்லை.

வியப்பு என்னவென்றால், எழுதி முடித்தபோது அது தேறாது என்றே அவர் நினைத்தார். தம் எழுத்து வற்றிவிட்டது என்ற கலக்கத்தோடு சக நிருபர் ஒருவரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார். 1944 ஜனவரியில் வாஷிங்டன் டெய்லி நியூஸ் தன் முதல் பக்கம் முழுவதையும் அந்த ஒரு பத்திக்கே ஒதுக்கியது. நாடே அழுத அந்த நாள்களில், எழுதியவர் தூக்கம் வராமல் இத்தாலியக் குளிரில் கிடந்தார். மன அழுத்தம் மிகுந்தவருக்குத் தம் நல்ல வேலைகூடக் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு இது ஒரு சான்று.

1944 மார்ச் 17ஆம் தேதி, ஆன்சியோ கடற்கரையில் நிருபர்கள் தங்கியிருந்த வீட்டைக் குண்டு தாக்கியது. சத்தம் கேட்டு எழுந்து சன்னலருகே போனதால் பைல் பிழைத்தார். அவர் படுத்திருந்த கட்டில் மீது சுவர் இடிந்து கிடந்தது. கன்னத்தில் சிறு கீறல் மட்டும். மற்றவர்கள் அவரைச் சாவில்லாதவர் என்று கேலி செய்தார்கள். அவருக்கோ, தமக்கு அளந்து வைத்த அதிர்ஷ்டம் தீர்ந்துகொண்டு வருகிறது என்ற எண்ணம் அன்றிலிருந்து விடவே இல்லை.

எழுத்து தந்த பலன்

அவருடைய எழுத்து கண்ணீரோடு நின்றுவிடவில்லை. விமானப் படையினருக்குப் பறப்பதற்கெனக் கூடுதல் சம்பளம் உண்டு. குண்டு மழையில் நிற்கும் காலாட்படையினருக்கு அப்படி எதுவும் இல்லை. சண்டைப் படி என்று ஒன்று தரவேண்டும் என அவர் எழுதினார். 1944இல் அமெரிக்க நாடாளுமன்றம் போரிடும் காலாட்படையினருக்கு மாதம் 10 டாலர் கூடுதலாக வழங்கச் சட்டம் இயற்றியது. மக்கள் அதை எர்னி பைல் சட்டம் என்றே அழைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம், பத்திரிகைத் துறையின் உயரிய விருதான புலிட்சர் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது.

ஜூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அதற்கு முந்திய வாரங்களில் பைலுக்குக் கெட்ட கனவுகள் வந்தன. தாம் பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். ஆனாலும் போனார். மறுநாள் காலை ஓமகா கடற்கரையில் இறங்கி நடந்தார். மூழ்கிய படகுகளையும் எரிந்த டாங்கிகளையும் ஒரு பத்தியில் எழுதினார். அடுத்த பத்தியில், அலை ஒதுக்கிய மனிதர்களின் உடைமைகளை எழுதினார். காலுறைகள், பல்துலக்கிகள், வேதப் புத்தகங்கள், குடும்பப் படங்கள், எழுதப்படாத கடிதத் தாள்கள், ஒரு டென்னிஸ் மட்டை. இறந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லாமலேயே அவர்கள் யார் என்பதை அந்தப் பொருள்கள் சொல்லிவிட்டன. பேரிடர்ச் செய்தியை எப்படி எழுதுவது என்று கற்பவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கும் பத்தி அது. உடல்களைக் காட்டி அதிர வைக்கவில்லை. உடைமைகளைக் காட்டி உணர வைத்தார்.

ஜூலை 25ஆம் தேதி, செயின்ட் லோ அருகே அமெரிக்க விமானங்களே தவறுதலாகத் தம் படையினர் மீது குண்டு வீசின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படைத்தளபதி லெஸ்லி மெக்னேரும் அவர்களில் ஒருவர். பைல் ஒரு வண்டிக்கு அடியில் புகுந்து உயிர் தப்பினார். தன் பக்கத்துக் குண்டுக்கே தப்ப வேண்டியிருந்த அந்த நாள் அவரை உள்ளுக்குள் முறித்துவிட்டது. அப்படியும், குண்டு வீசிய விமானிகளை வசைபாடாமல், போர்க்களத்தில் இப்படியும் நடக்கும் என்று நிதானத்தோடு எழுதினார்.

வாசகர்களிடம் சொன்ன உண்மை

ஆகஸ்ட் 25ஆம் தேதி பாரிஸ் விடுதலை பெற்றது. நகரமே ஆடிப் பாடியது. பைல் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படத் தயாரானார். செப்டம்பரில் எழுதிய பத்தியில் தம் வாசகர்களிடம் உண்மையைச் சொன்னார். 29 மாதங்கள் வெளிநாட்டுப் போர்முனைகளில் கழித்துவிட்டதையும், சுமார் 700,000 சொற்கள் எழுதிவிட்டதையும் குறிப்பிட்டார். இனியும் தாங்காது, மனம் தள்ளாடுகிறது, சிந்தனை குழம்புகிறது, போர்முனையை விட்டுப் போவது வெட்கமாக இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை என்ற பொருளில் எழுதினார்.

அந்தக் காலத்தில் இது சாதாரண ஒப்புதல் இல்லை. ஆண் பிள்ளை கலங்கக்கூடாது, செய்தியாளர் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று இருந்த காலம். சிப்பாய்களுக்கே போர்க் களைப்பு என்று ஒரு பெயர்தான் இருந்தது. பேரதிர்ச்சிக்குப் பின்னால் வரும் மன உளைச்சல் ஒரு நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980இல்தான். பைலும் அவருடைய சகாக்களும் அறிந்த மருந்து மது ஒன்றுதான். அது தூக்கத்தைத் தந்தது போலக் காட்டி, உடம்பையும் மனத்தையும் மேலும் கெடுத்தது.

வாசகர்கள் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. நன்றியோடு வரவேற்றார்கள். பட்டம் முடிக்காமல் போன இண்டியானா பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஆனால் வீடு அமைதியாக இல்லை. ஜெர்ரியின் நிலை மோசமாகி, மீண்டும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று சிகிச்சையில் இருந்தார். ஊர் முழுவதும் பிள்ளைகளின் துயரத்தைக் கேட்டு எழுதிய மனிதருக்கு, சொந்த வீட்டுத் துயரத்தின் முன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசிப் பயணம்

மூன்று மாத ஓய்வு போதவில்லை. இருந்தும் 1945 ஜனவரியில் அவர் பசிபிக் போர்முனைக்குப் புறப்பட்டார். போக விருப்பமில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அங்கும் பிள்ளைகள் சண்டையிடுகிறார்கள், அவர்களைப் பற்றியும் எழுதாவிட்டால் நியாயமில்லை என்ற கடமையுணர்வுதான் இழுத்துச் சென்றது. திரும்பி வரமாட்டோம் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டே போனார்.

கேபட் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் தங்கி எழுதினார். கடற்படையினரின் பெயர்களை எழுதக்கூடாது என்று தணிக்கையாளர்கள் தடை போட்டார்கள். பெயர் இல்லாமல் எழுதினால் அது எர்னி பைலின் எழுத்தே அல்ல என்பதால் அவர் வாதாடினார். அவருக்கு மட்டும் விதிவிலக்குக் கிடைத்தது. கப்பல் வாழ்க்கை ஐரோப்பியக் காலாட்படையின் வாழ்க்கையைவிட வசதியானது என்று எழுதியதால் சிலருடைய கோபத்துக்கும் ஆளானார்.

ஏப்ரல் 1ஆம் தேதி ஒகினாவாத் தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது அவர்களோடு கரை ஏறினார். எதிர்பார்த்த எதிர்ப்பு அன்று இல்லை. உயிரோடு இருப்பதே அவருக்கு வியப்பாக இருந்தது. ஏப்ரல் 17ஆம் தேதி அருகிலிருந்த இயே ஷிமா என்ற சிறு தீவுக்கு 77ஆம் காலாட்படைப் பிரிவோடு சென்றார். மறுநாள் காலை ஓர் அதிகாரியோடு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தபோது, மறைந்திருந்த ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சுட்டது. எல்லாரும் சாலையோரப் பள்ளத்தில் குதித்தார்கள். சற்று நேரம் கழித்து, மற்றவர்கள் நலமா என்று பார்க்கப் பைல் தலையைத் தூக்கினார். குண்டு இடது நெற்றிப்பொட்டில் பாய்ந்தது. வயது 44.

அவருடைய சட்டைப் பையில் கையால் எழுதிய ஒரு வரைவு இருந்தது. ஐரோப்பாவில் போர் முடியும் நாளுக்காக முன்கூட்டியே எழுதி வைத்த பத்தி அது. வெற்றிக் கொண்டாட்டத்தில் இறந்தவர்களை மறந்துவிட வேண்டாம் என்பதே அதன் சாரம். பல நாடுகளில், பல பருவங்களில், வரிசை வரிசையாகக் கிடந்த உடல்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் அந்தக் காட்சியையே வெறுக்கும் நிலைக்கு வந்துவிட்டதை அதில் எழுதியிருந்தார். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர்கள் திரும்பி வராதவர்கள். உடன் இருந்தவர்களுக்கோ கண்ணெதிரே கிடந்தவர்கள். இந்த வேறுபாட்டைத்தான் அவர் மக்களுக்குச் சொல்ல விரும்பினார். அதைச் சொல்வதற்கு முன்பே அவரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்.

அவருக்குப் பின்

அதிபர் ரூஸ்வெல்ட் இறந்து ஆறே நாள்கள் ஆகியிருந்தன. துக்கத்தில் இருந்த நாட்டுக்கு மற்றொரு துக்கம். சிப்பாய்கள் கையில் கிடைத்த பலகையைக் கொண்டு பெட்டி செய்து, தலைக்கவசத்தோடு அவரைத் தம் தோழர்களின் நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் விழுந்த இடத்தில் தங்கள் நண்பனை இழந்ததாக ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். தளபதி என்றோ தலைவர் என்றோ இல்லாமல் நண்பன் என்று குறித்ததே அவர்கள் தந்த பட்டம். 1949இல் உடல் ஹவாயின் ஹொனலுலு நகரில் உள்ள தேசிய நினைவுக் கல்லறைக்கு மாற்றப்பட்டது.

இறந்து கிடந்த பைலைப் படைப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுத்திருந்தார். இராணுவம் அப்போது அதை வெளியிடவில்லை. அந்தப் படம் பரவலாக வெளியானது 2008இல்தான். கையில் கைப்பேசி உள்ள எவரும் விபத்தில் கிடப்பவரைப் படமெடுத்து, குடும்பத்துக்குச் சேதி போகும் முன்பே ஊருக்கெல்லாம் அனுப்பிவிடும் இந்தக் காலத்தில், அந்தத் தாமதம் நின்று யோசிக்க வைக்கிறது.

ஜெர்ரி அதன் பிறகு நெடுநாள் வாழவில்லை. அதே 1945ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி காலமானார். போரின் இறப்புக் கணக்கில் அவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் செய்தியாளர் சுமக்கும் பாரம் அவரோடு நிற்பதில்லை, வீட்டில் காத்திருப்பவர் மீதும் இறங்குகிறது என்பதை அந்த மரணம் சொல்லாமல் சொல்கிறது.

பைல் காலத்தில் பெயர் இல்லாத அந்த நோயைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கனடாவின் மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைன் தலைமையில் 140 போர்ச் செய்தியாளர்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பேரதிர்ச்சி சார்ந்த மன உளைச்சலுக்கு ஆளாகியிருந்தார்கள். சிறப்புப் பயிற்சி, பணி மாற்றம், கட்டாய ஓய்வு, மனநல ஆலோசனை ஆகியவை பெரிய செய்தி நிறுவனங்களில் மெல்ல மெல்ல இடம்பெற்றதற்கு இத்தகைய ஆய்வுகளும் காரணம்.

பைலுக்கு அவை எதுவும் கிடைக்கவில்லை. தம்மால் முடியவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லும் நேர்மை மட்டும் இருந்தது. சொன்ன பிறகும் அவரைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. நிற்க அவருக்கும் மனம் வரவில்லை. வெள்ளமோ, விமான விபத்தோ, கலவரமோ எதுவானாலும், களத்திலிருந்து திரும்பும் செய்தியாளரிடம் செய்தி எங்கே என்று கேட்பதற்கு முன் நலமா என்று கேட்கும் ஆசிரியரும் குடும்பமும் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை விட்டுச் சென்ற பாடம்.

1983இல், குடிமக்களுக்கு அரிதாகவே கிடைக்கும் பர்ப்பிள் ஹார்ட் என்ற இராணுவ விருது அவர் பெயரில் வழங்கப்பட்டது. ஆல்புகர்க்கியில் அவரும் ஜெர்ரியும் வாழ ஆசைப்பட்டு, வாழ முடியாமல் போன அந்தச் சிறிய வீடு 1948 முதல் பொது நூலகமாக இயங்கி வருகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கு வந்து புத்தகம் எடுத்துப் போகிறார்கள்.